சீவிய உரித்து

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
22.01.2024

அன்புள்ள தங்கச்சி இராசமலருக்கு,

கோணேசர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் மகள் தர்சிகாவும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால் நோவு கொஞ்சமாவது குறைந்ததா?

இந்த எழுத்தைக் கண்டதும் யாரைப் பிடித்து எழுதுவித்தேன் என்று யோசிப்பாய். நானேதான் எழுதுகிறேன். மார்கழியில் இரண்டாவது கண்ணிலும் வெண்புரை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போட்டால், துறைமுகத்தில் நிற்கிற கோதுமைக் கப்பலின் பெயரைக்கூட முற்றத்தில் நின்று வாசிக்கிறேன். காதுதான் திருந்தவில்லை. போனில் நீ சொல்வது பாதி விளங்குவதில்லை. ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு, பிறகு எதற்கு ஓம் சொன்னேன் என்று இருந்து யோசிப்பேன். ஆகவே இனிக் கடிதம்தான். விளங்காவிட்டால் திரும்பவும் வாசிக்கலாமே.

இராகுலன் வீட்டைத் திருத்துகிறான். உன் அத்தான் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய காலத்தில் கட்டிய வீடு, பழுதாகத்தான் கிடந்தது. கடல் பக்கத்து அறையைச் சுற்றுலாக்காரருக்கு விடப்போகிறானாம். என்னைக் குசினிக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டான். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. நீ பெற்றாலும் எனக்கும் அவன்தானே பிள்ளை. வீட்டை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்ததும் அதனால்தான். நான் இருக்கும் மட்டும் வீடு என் பொறுப்பில் என்று உறுதிப் பத்திரத்தில் போட்டிருப்பதால் எனக்குப் பயமும் இல்லை.

நேற்று அவன், "பெரியம்மா, வேலை முடியுமட்டும் அம்மாவோட போய் இருங்கோவன்" என்றான். எனக்கும் ஆசைதான். வரட்டுமா? அந்த உறுதியின் பிரதி உன்னிடம்தான் இருக்கிறது, எடுத்து வை. கையெழுத்து வைத்த அன்று எனக்கு எல்லாம் புகை மூடியது போலத் தெரிந்தது. என் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும்.

தர்சிகாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
தங்கரத்தினம்


கல்லடி,
மட்டக்களப்பு.
18.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாங்கப் பிள்ளையார் துணையால் நாங்கள் சுகம். உங்கள் கண் நன்றாக வந்தது பெரிய ஆறுதல். கடிதத்தைத் தர்சிகாதான் முதலில் உடைத்தாள். "பெரியம்மாவின்ர எழுத்து எவ்வளவு வடிவு" என்று வீடு முழுக்கக் காட்டித் திரிந்தாள். என் முழங்கால் அப்படியேதான்.

ஒரு நல்ல செய்தி. தர்சிகாவுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டோம். மாப்பிள்ளைக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை. ஆவணியில் முகூர்த்தம். இந்த வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டேன். அதனால் இங்கும் மேசன்மார் நிற்கிறார்கள். பாய் விரிக்கக்கூட இடமில்லை. கலியாணம் முடியட்டும் அக்கா, ஆறுதலாக வந்து நில்லுங்கள்.

அலுமாரிச் சாமான்கள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. உறுதியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. இப்போதுதான் கண் ஆறியிருக்கிறது. அந்தப் பொடி எழுத்தை வாசித்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். இராகுலன் சொல்கிறபடி கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். அவன் உங்கள் நன்மைக்குத்தான் செய்வான்.

குளிர்ந்த தண்ணீரில் முழுக வேண்டாம்.

அன்புத் தங்கை,
மலர்


முதியோர் இல்லம்,
பாலையூற்று.
24.03.2024

அன்புள்ள மலருக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். முகவரியைப் பார்த்துப் பயந்துவிடாதே. இங்கே நேரத்துக்குச் சாப்பாடு தருகிறார்கள். நிழலுக்கு வேம்பும் இருக்கிறது.

பெப்ரவரி முடிவில் ஒரு காலை, இராகுலன் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"எங்க தம்பி போறம்?"

"பாலையூத்துக்கு, பெரியம்மா. ரெண்டு கிழமைதான். இந்தத் தூசிக்குள்ள உங்களுக்கு இருக்க ஏலாது."

அவன் மனைவி பெட்டியை அடுக்கி வைத்திருந்தாள். இரண்டு கிழமைக்கு எதற்கு அத்தானின் படத்தையும் வைத்தாள் என்று ஆட்டோ வெளிக்கிட்ட பிறகுதான் யோசித்தேன்.

சொன்ன தவணை முடிந்தும் ஒருவரும் வரவில்லை. போன கிழமைதான் அவன் வந்தான். கொழும்பு முதலாளி ஒருவர் ஹோட்டல் நடத்துவதற்கு வீட்டை நீண்ட குத்தகைக்குக் கேட்கிறாராம். நான் இங்கேயே இருப்பதுதான் எல்லோருக்கும் வசதியாம்.

"அதுக்கு நான் சம்மதிக்க வேணுமெல்லோ? எனக்குச் சீவிய உரித்து இருக்கு" என்றேன்.

"எந்தச் சீவிய உரித்து? உறுதியில அப்பிடி ஒண்டும் இல்லை. உங்களுக்கு மறதி, பெரியம்மா" என்றான்.

மலர், நீ பக்கத்தில் இருந்தாய். உறுதி எழுதிய நொத்தாரிசு அதை வாசிக்கத் தொடங்கியபோது, எனக்குக் காது மந்தம் என்று சொல்லித் தாளை வாங்கி, வகுப்பில் வாசித்த அதே ரீச்சர் குரலில் என் காதோரம் வாசித்தது நீ. "கொடையாளி தமது ஆயுட்காலம் முழுவதற்குமான சீவிய உரித்தைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டு" என்று வாசித்தாய். அதென்ன என்று கேட்டேன். "நீங்கள் இருக்கிற வரைக்கும் வீடு உங்கட கையில எண்டு அர்த்தம் அக்கா" என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

அவன் பிழையாக விளங்கியிருக்கிறான். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உன் அக்கா,
தங்கரத்தினம்


கல்லடி.
05.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். கடிதம் பிந்தித்தான் கிடைத்தது. வருடப்பிறப்பும் வந்து, மேசன்மாருடைய வேலையும் சேர்ந்ததால் எழுத முடியவில்லை.

இராகுலனோடு கதைத்தேன். உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான். அந்த இல்லத்தில் டொக்டர் வந்து பார்ப்பாராம், கதைக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் தனித்திருந்து என்ன செய்யப்போகிறீர்கள்? உங்கள் வயதில் நிம்மதிதான் வேண்டும். முடிந்த அலுவல்களைத் திரும்பக் கிளற வேண்டாம்.

இத்துடன் பயற்றம் பணியாரம் அனுப்புகிறேன். தர்சிகா செய்தது.

தங்கை,
மலர்


பாலையூற்று.
27.05.2024

அன்புள்ள மலருக்கு,

சுகம்தானே? பணியாரம் கிடைத்தது. எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தேன். நல்ல பதம் என்று தர்சிகாவிடம் சொல்.

இந்த இல்லத்துக்கு நஸ்ரின் என்றொரு சட்டத்தரணிப் பிள்ளை வருவாள். கிண்ணியா ஆள். வயதானவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் உதவி செய்கிறாள். அவளிடம் என் கதையைச் சொன்னேன். "சீவிய உரித்து எழுதியிருந்தா, வீடு அவர்ட பேரில இருந்தாலும் நீங்க இருக்கிற வரைக்கும் உங்கள வெளியில அனுப்பவோ குத்தகைக்குக் குடுக்கவோ அவருக்கு ஏலாதும்மா. எழுதாட்டி, நன்கொடை குடுத்தது குடுத்ததுதான். வாங்கினவர் நன்றி கெட்டு நடந்தார் எண்டு கோட்டில காட்டித்தான் திருப்பி எடுக்கலாம். அது லேசில முடியாது" என்றாள்.

காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வந்ததும் அவளே. வேம்பின் கீழ்க் கதிரையைப் போட்டு நானே வாசித்தேன். எல்லைகள் இருக்கின்றன, கிணற்றில் பங்கு இருக்கிறது, அத்தானின் பெயர் இருக்கிறது. நீ வாசித்த வசனம் இல்லை.

நஸ்ரின் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை நொத்தாரிசு பிறகு மாற்றியிருப்பான் என்று அவளிடம் சொன்னேன். எனக்கு வேறு எதுவும் யோசிக்க வரவில்லை.

மலர், ஒரே ஒரு கேள்வி. நீ வாசித்த தாளில் அந்த வசனம் இருந்ததா? ஓம் என்றோ இல்லை என்றோ எழுதினால் போதும்.

அக்கா


பாலையூற்று.
08.07.2024

மலருக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தவறியிருக்கும் என்று எண்ணிக் காத்திருந்தேன்.

சனிக்கிழமை, பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா என்னைப் பார்க்க வந்தாள். அவளோடு ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தது. காவலுக்கு நின்றவன், "ஆரைப் பாக்க வேணும்?" என்று கேட்டான். நஜ்முன் நிஸாதான் சத்தம் போட்டு இராகுலனைக் கூப்பிட்டாள்.

அவன் உள்ளே வரச் சொல்லவில்லை. கேற்றைப் பிடித்தபடி நின்றே கதைத்தான். நொத்தாரிசு களவு செய்துவிட்டான், அவனுக்கு எதிராக முறைப்பாடு கொடுக்கப்போகிறேன் என்றேன். இராகுலனுக்குச் சினம் வந்துவிட்டது.

"அந்த மனுசன் ஒரு களவும் செய்யேல்லை. முதல் எழுதின பிரதியில நீங்கள் கேட்டது இருந்தது. சீவிய உரித்து இருந்தா எல்லாத்துக்கும் உங்கட கையெழுத்து வேணும், பிறகு கரைச்சல். அம்மாதான் வெட்டச் சொன்னவ. நீ பயப்பிடாத, அக்காவுக்கு நான் வாசிச்சுக் காட்டுறன் எண்டு சொன்னதும் அவதான். போய் அம்மாட்டக் கேளுங்கோ."

நஜ்முன் நிஸா என் கையைப் பிடித்தாள். நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள். நான் விழவில்லை. உள்ளே முற்றத்தில் நின்ற மாதுளையை வெட்டிவிட்டார்கள், அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் சொன்னபடியே உன்னிடம் கேட்கிறேன். வெட்டச் சொன்னது நீயா? வெட்டிய வசனத்தை, தாளில் இருக்கிற மாதிரி என் காதில் வாசித்தது நீயா?

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், ஆவணி கிட்டி வருகிறது. கலியாணக் கார்டு எனக்கு இன்னும் வரவில்லை.

தங்கரத்தினம்


கல்லடி.
25.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நீங்கள் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கும்பிடுகிறேன்.

உங்களுக்கு எல்லாவற்றையும் எப்படி விளங்கப்படுத்துவது? இரண்டு பிள்ளைகளைப் பெற்றவளுடைய பாடு உங்களுக்குத் தெரியாது. இராகுலன் வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தபோது முதலில் கேட்டது இந்தக் கல்லடி வீட்டைத்தான். கொடுத்திருந்தால் தர்சிகா குமராகவே இருந்திருப்பாள். வீடில்லாத பெண்ணை இங்கே யார் கேட்பார்கள்? அவனை ஓரிடத்தில் நிலைக்க வைக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு எப்படியும் அவன்தான் கொள்ளி வைப்பான். உங்கள் காலத்துக்குப் பிறகு அவனிடம் போகப் போகிற வீடு, கொஞ்சம் முந்திப் போயிருக்கிறது. அவ்வளவுதான். இதற்கு மேல் என்னை எழுதச் சொல்லாதீர்கள்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், கலியாணம் முடியுமட்டும் கோடு, வழக்கு என்று வெளிக்கிட வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் கேள்விப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும். நீங்கள் படுக்கையில் இருப்பதால் வரமாட்டீர்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலர்


பாலையூற்று.
03.11.2024

இராசமலருக்கு,

தர்சிகாவின் கழுத்தில் தாலி ஏறும்வரை பொறுத்திருந்தேன். உனக்காக அல்ல. முகூர்த்த நேரத்தில் இல்லத்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

அதன் பிறகுதான் நஸ்ரினிடம் சம்மதம் சொன்னேன். கோட்டுக்குப் போக முதல் மத்தியஸ்த சபையில் வைத்துப் பார்ப்போம் என்றாள். அங்கே நடந்தது உனக்குத் தெரியும். என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ குனிந்தபடியே இருந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வந்து இறங்கியபோது என் மனம் இளகியது. முழங்கால் நோவோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறாளே, உள்ளதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் பக்கத்துக் கதிரையில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தேன், நீ இருப்பதற்காக. நீ போய் மகனுக்குப் பக்கத்தில் இருந்தாய்.

தலைவர் ஞானசேகரம் ஐயா உன்னிடம் கேட்டார்: "உறுதியை இவவுக்கு வாசிச்சுக் காட்டினது நீங்களோ?"

"ஓம்."

"சீவிய உரித்து எண்டு வாசிச்சனீங்களோ?"

நீ சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாய். "இல்லை ஐயா. அதில இருந்ததைத்தான் வாசிச்சனான். அக்காவுக்கு அப்ப கண்ணும் தெரியாது, காதும் கேளாது. இப்ப மறதியும் கூடிப்போச்சு. நடந்தது எது, நினைச்சது எது எண்டு பிரிக்கத் தெரியேல்லை."

உன் மகன் உடனே, எனக்கு மூளை சரியில்லை என்று டொக்டரிடம் சான்று எடுக்க வேண்டும் என்றான். நீ அவனைத் தடுக்கவில்லை. வீடு போனபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அந்தச் சான்று மட்டும் எழுதப்பட்டால், பிறகு நான் எதைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்? என் பெயரைக்கூட இன்னொருவர்தான் எனக்காகச் சொல்ல வேண்டும்.

ஐயா என் பக்கம் திரும்பி, சத்தமாகக் கேட்டார்: "அம்மா, உங்களுக்கு அண்டைக்கு என்ன வாசிச்சவை?"

நான் சொன்னேன். கொடையாளி என்பதிலிருந்து ஒதுக்கி வைத்துக்கொண்டு என்பது வரை, ஒரு சொல் விடாமல் சொன்னேன். பிறகு சொன்னேன்: "ஐயா, நான் ஐஞ்சாம் வகுப்போட நிண்டனான். இந்த வசனத்தை என்ர மறதி எங்க போய்ப் படிச்சு வந்திருக்கும்? ஆரோ வாசிக்காமல் இது எனக்கு வராது."

முதல் பிரதியை நொத்தாரிசு வைத்திருப்பாரல்லவா, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள் நஸ்ரின். ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உன்னிடம், "நீங்கள் ரீச்சராய் இருந்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நீ தண்ணீர் கேட்டாய்.

அதன்பிறகு இராகுலன்தான் நஸ்ரினை வெளியே கூப்பிட்டுக் கதைத்தான். வழக்குப் போட்டு அதைக் காணிக்கு எதிராகப் பதிந்தால் ஒரு முதலாளியும் கிட்ட வரமாட்டான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவன் கையெழுத்து வைத்தான். நான் இருக்கும் மட்டும் வீட்டை அனுபவிக்கும் உரிமை முழுக்க எனக்கு, அவனும் மனைவியும் வெளியேற வேண்டும், என் காலத்துக்குப் பிறகு வீடு அவனுக்கு. நஸ்ரின் வாசித்துக் காட்டினாள். பிறகு நானே வாசித்தேன். அதன்பிறகுதான் பேனையைத் தொட்டேன்.

நீ அன்று பஸ்ஸுக்குப் போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாய். "போட்டு வாறன்" என்றாவது சொல்வாய் என்று நின்றேன்.

தங்கரத்தினம்


கல்லடி.
19.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் எப்படிப் போனது? வீட்டில் இப்போது தனியாகவா இருக்கிறீர்கள்? கண் எப்படி இருக்கிறது? காதுக்கு மெசின் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன், பெரிய சந்தோசம்.

இங்கே நிலைமை நல்லாயில்லை. இராகுலனும் மனைவியும் இங்கேதான் வந்திருக்கிறார்கள். மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. வீட்டை இன்னும் தர்சிகாவுக்கு எழுதிக் கொடுக்கவில்லை என்று அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார். தனக்கும் பாதி வேண்டும் என்று இவன் நிற்கிறான். இரண்டு பக்கமும் தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். யாரை நம்பிக் கையெழுத்து வைப்பது என்று தெரியவில்லை அக்கா. விறாந்தையில் ஒரு கட்டிலைப் போட்டு என்னை அங்கே விட்டிருக்கிறார்கள்.

ஒரு மாதம் உங்களோடு வந்து நிற்கட்டுமா? நாங்கள் இரண்டு பேரும்தானே மிச்சம். நடந்ததை விடுவோம். சின்ன வயதில் மாதிரி இருந்து கதைக்க ஆசையாக இருக்கிறது.

பதில் போடுங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
மலர்


உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
16.02.2025

இராசமலருக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

ஒருவர் நீட்டிய தாளிலும் கையெழுத்து வைக்காதே. எழுதிக் கொடுப்பதென்றால் சீவிய உரித்தை உனக்கு ஒதுக்கிய பிறகு எழுது. எழுதியதை நொத்தாரிசுவிடமிருந்து வாங்கி நீயே வாசி. பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல். மட்டக்களப்பில் நஸ்ரினோடு படித்த ஒருத்தி சட்டத்தரணியாக இருக்கிறாளாம். அவளுடைய பெயரும் போன் இலக்கமும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கட்டணம் கேட்கமாட்டாள்.

இங்கே வர விரும்பினால் வா. கடல் பக்கத்து அறையைக் கூட்டித் துடைத்து வைக்கிறேன். புதுத் தலையணை இருக்கிறது. குசினியில் அரிசி, பருப்பு எல்லாம் இருக்கும். மாடிப்படி இல்லாத வீடு, உன் காலுக்குச் சிரமம் இருக்காது. விரும்பிய மட்டும் நில்.

வரும் திகதியை மட்டும் முன்கூட்டியே எழுது. கேற்றுப் பூட்டின் திறப்பை நஜ்முன் நிஸாவிடம் கொடுத்து வைப்பேன். நீ நிற்கும் நாட்களில் நான் பாலையூற்றுக்குப் போய் இருப்பேன். கேட்டுப் பார்த்தேன், கட்டில் தருவார்கள். நீ திரும்பிப் போனதும் அவள் சொல்லி அனுப்புவாள், நான் வீட்டுக்கு வருவேன்.

தங்கரத்தினம்